ஃபுளோரைடு இல்லாமல் பற்சொத்தையைத் தடுக்க முடியுமா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: "ஃபுளோரைடு கலந்த டூத்பேஸ்டை வீட்டில் நிறுத்திவிட நினைக்கிறேன். எனக்கும், நான்கு வயது மகளுக்கும். எண்ணெய் கொப்பளிப்பு, சைலிட்டால், ஹைட்ராக்ஸிஅபடைட், மூலிகைப் பொடி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இவற்றில் எது உண்மையிலேயே சொத்தையைத் தடுக்கும்?"

பல் மருத்துவம் பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து இதைப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கேட்பவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகள் மீது அக்கறை மிகுந்தவர்கள், லேபிளைப் படித்துப் பார்த்து வாங்குகிறவர்கள். "அதெல்லாம் வேண்டாம், பேசாமல் ஃபுளோரைடு பேஸ்டையே போடுங்கள்" என்று ஒற்றை வரியில் அவர்களைத் தள்ளிவிட எனக்கு மனம் வராது. அப்படித் தள்ளிவிட்டால் அவர்கள் வெளியே போய், கரித்தூள் விற்பவர் சொல்வதைக் கேட்கத் தொடங்குவார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஃபுளோரைடு இல்லாமலும் பல்லைக் காக்க முடியும். ஆனால் ஒரு டியூபுக்குப் பதிலாக இன்னொரு டியூபை வாங்கி வைத்தால் அது நடந்துவிடாது. ஃபுளோரைடை விடுகிறவர் அதன் இடத்தில் வைக்கவேண்டிய முதல் விஷயம், நாளில் எத்தனை முறை வாய்க்குள் சர்க்கரை போகிறது என்ற கணக்கு. அடுத்தது எச்சில். இந்த இரண்டும் ஒழுங்காக இருக்கும் வாயில்தான் மற்றப் பொருள்களுக்கு வேலை. அந்தப் பொருள்களுக்குள் ஃபுளோரைடு செய்யும் வேலைக்கு ஓரளவு கிட்டத்தில் வருவது ஹைட்ராக்ஸிஅபடைட். மற்றவற்றில் சில துணைக்கு வரும், பல வராது, சில பல்லைக் கெடுக்கும்.

சொத்தை எப்படி விழுகிறது என்பதிலிருந்து தொடங்கவேண்டும். பல்லின் வெளி ஓடான எனாமலில் எடைக்கணக்கில் சுமார் 96 சதவீதம் தாதுப்பொருள். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த படிகம் அது. அதன் பெயர்தான் ஹைட்ராக்ஸிஅபடைட். பல்லின் மேல் எந்நேரமும் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய படலத்தில் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. நாம் சாப்பிடும் சர்க்கரையை அவை தின்று அமிலமாக வெளியே விடுகின்றன. படலத்தின் பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண், அது குறையக் குறைய அமிலம் அதிகம்) ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கும்போது எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறத் தொடங்கும். 1940-களில் ராபர்ட் ஸ்டீஃபன் என்பவர் இதை அளந்து காட்டினார். சர்க்கரைக் கரைசலால் வாய் கொப்பளித்தவர்களின் படலத்தில் சில நிமிடங்களுக்குள் பி.எச். சரசரவென்று இறங்கியது. பிறகு மெதுவாக ஏறி, பழைய நிலைக்கு வர அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆனது. பல் மருத்துவ மாணவர்கள் எல்லோரும் முதல் வருடத்திலேயே வரைந்து பழகும் வளைகோடு இது.

அந்த ஏறுமுகத்தில்தான் எச்சிலின் வேலை இருக்கிறது. எச்சிலில் உள்ள பைகார்பனேட் அமிலத்தை முறிக்கிறது. எச்சிலிலேயே கரைந்திருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் பல்லுக்குள் திரும்பிப் போய்ப் படிகின்றன. அதாவது பல் ஒரே நாளில் பலமுறை கரைகிறது, பலமுறை தன்னைத் தானே ரிப்பேர் செய்துகொள்கிறது. வரவை விடச் செலவு மாதக்கணக்கில் மிஞ்சினால்தான் சொத்தை.

இதைக் கண்ணால் பார்க்கலாம். நாற்காலியில் சாய்ந்திருக்கும் குழந்தையின் மேலுதட்டை விரலால் தூக்கி, முன்பல்லின் மீது ஐந்து விநாடி காற்று அடித்து உலர்த்துவேன். ஈரமாக இருந்தபோது பளபளவென்று குறையே தெரியாத பல்லில், ஈறை ஒட்டி சுண்ணாம்புக்கோடு இழுத்ததுபோல ஒரு மங்கலான வெள்ளைப் பட்டை எழும்பி வரும். எச்சில் திரும்ப நனைத்ததும் மறைந்துவிடும். சொத்தையின் முதல் படி அது. மேற்பரப்பு உடையவில்லை, அடியில் தாது மட்டும் குறைந்திருக்கிறது. இந்தக் கட்டத்தில் திருப்பிவிடலாம். ஈரத்திலும் தெரிகிற வெள்ளை என்றால் இன்னும் ஆழமாகப் போயிருக்கிறது என்று பொருள். குழி விழுந்துவிட்டால் எந்தப் பேஸ்டும், எந்த மூலிகையும் அதை மூடாது. "சொத்தையை இயற்கையாகவே குணப்படுத்தினேன்" என்று யாராவது சொன்னால், குழியைச் சொல்கிறாரா, வெள்ளைப் பட்டையைச் சொல்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.

ஃபுளோரைடு இந்த வரவு செலவில் இரண்டு பக்கமும் நுழைகிறது. கரைந்த தாது திரும்பப் படிவதை வேகப்படுத்துகிறது. அப்படிப் படியும்போது தானும் படிகத்துக்குள் புகுந்து, அமிலத்தை இன்னும் தாங்கும் ஒரு மேல்தோலை உண்டாக்குகிறது. ஃபுளோரைடு சேர்ந்த படிகம் கரைய பி.எச். ஏறத்தாழ 4.5 வரை இறங்கவேண்டும். இந்த வேலையில் பெரும்பகுதி பல்லின் மேற்பரப்பிலேயே நடக்கிறது, விழுங்குவதால் வருவதில்லை. மருத்துவச் சோதனைகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத்தொகுப்பு 2003-இல் 70 சோதனைகளை ஒன்றாகப் பார்த்தது. ஃபுளோரைடு பேஸ்ட் போட்ட குழந்தைகளுக்கு, அது இல்லாத பேஸ்ட் போட்டவர்களை விட, நிரந்தரப் பற்களில் சொத்தை சராசரியாக 24 சதவீதம் குறைந்திருந்தது. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இது சின்ன எண்ணும் இல்லை. அதே சமயம், மீதி 76 சதவீதத்தை ஃபுளோரைடால் தடுக்க முடியவில்லை என்பதும் இதற்குள்ளேயே இருக்கிறது.

இன்னொரு உண்மை பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். ஃபுளோரைடு இல்லாத பேஸ்டால் நன்றாகத் துலக்கினால் போதுமே என்று நினைப்பது இயல்பு. நானும் மாணவப் பருவத்தில் அப்படித்தான் நினைத்தேன். ஃபுளோரைடே சேர்க்காமல், வெறும் துலக்குதல் சொத்தையைக் குறைக்கிறதா என்று பார்த்த சோதனைகள் மிகக் குறைவு. அவற்றைத் தொகுத்துப் பார்த்த 2018-ஆம் ஆண்டு ஆய்வில் சொல்லிக்கொள்ளும்படியான குறைவு எதுவும் தெரியவில்லை. துலக்குவது ஈறுக்கு மிக நல்லது, வாய்நாற்றத்துக்கு நல்லது. ஆனால் சொத்தை பெரும்பாலும் விழுவது கடைவாய்ப் பல்லின் பள்ளங்களிலும், இரண்டு பல் ஒட்டும் இடுக்கிலும். பிரஷ் முடி அங்கே போகவே போகாது. ஆகவே பேஸ்டிலிருந்து ஃபுளோரைடை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எதையும் வைக்காமல் மூலிகை வாசனை மட்டும் சேர்த்தால், சொத்தை விஷயத்தில் கையில் மிஞ்சுவது பிரஷ் மட்டும்தான்.

சரி, ஃபுளோரைடும் இல்லாமல், நல்ல துலக்குதலும் இல்லாமல் சொத்தை குறைந்த இடம் எங்காவது உண்டா? உண்டு. ஆஸ்திரேலியாவில் ஹோப்வுட் ஹவுஸ் என்ற குழந்தைகள் இல்லம் இருந்தது. அங்கே வளர்ந்த குழந்தைகளுக்குச் சர்க்கரையும் வெள்ளை மாவும் மிகமிகக் குறைவு. பாலும் காய்கறியும் முழுத் தானியமும்தான் உணவு. 1947-இலிருந்து பதினைந்து வருடங்கள் போல அவர்களின் பற்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். அந்த ஊர்த் தண்ணீரில் ஃபுளோரைடு இல்லை என்றே சொல்லலாம். பல் சுத்தமோ சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆனாலும் அக்கம்பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் சொத்தை பல மடங்கு குறைவாக இருந்தது. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அதற்கப்புறம் நடந்தது. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் இல்லத்தை விட்டு வெளியே போய், எல்லோரையும் போலச் சாப்பிடத் தொடங்கியதும், அதே பிள்ளைகளின் பற்களில் மற்றவர்களைப் போலவே சொத்தை விழத் தொடங்கியது. சின்ன வயதில் கிடைத்த நல்ல உணவு பல்லை வாழ்நாளுக்கும் இரும்பாக்கிவிடவில்லை. சர்க்கரை வராத வரைக்கும்தான் காப்பு.

அட்லாண்டிக் நடுவிலுள்ள டிரிஸ்டன் ட குன்யா தீவிலும் இதே கதைதான். கப்பல் எப்போதாவது வந்த காலத்தில் தீவுக்காரர்களின் பற்கள் பார்க்கப் போனவர்களை வியக்க வைத்தன. கடையும் சர்க்கரையும் வந்து சேர்ந்த பிறகு சில பத்தாண்டுகளில் அந்தப் பெருமை போய்விட்டது. இரண்டாம் உலகப் போரில் நார்வேயிலும் ஜப்பானிலும் சர்க்கரை கிடைக்காமல் போனபோது குழந்தைகளின் சொத்தை இறங்கியது. போர் முடிந்து சர்க்கரை திரும்பியதும் அதுவும் திரும்பியது.

எவ்வளவு என்பதோடு எத்தனை தடவை என்பதும் முக்கியம். இதைக் காட்டிய ஆய்வு 1940-களில் ஸ்வீடனின் விபெஹோல்ம் மனநலக் காப்பகத்தில் நடந்தது. சம்மதம் சொல்லவும் மறுக்கவும் இயலாத நோயாளிகளுக்கு வேண்டுமென்றே ஒட்டும் மிட்டாய் கொடுத்துப் பற்களைச் சொத்தையாக்கிப் பார்த்தார்கள். இன்று அதை யாரும் செய்ய முடியாது, அன்றும் செய்திருக்கக்கூடாது. அந்த மனிதர்கள் கொடுத்த விலையில் நமக்குத் தெரிய வந்தது இது: சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட்ட சர்க்கரை செய்த கெடுதல் கொஞ்சம். சாப்பாட்டுக்கு இடையில், ஒட்டிக்கொள்ளும் வடிவில், அடிக்கடி வாயில் போட்ட சர்க்கரை செய்தது ஏராளம்.

என்னிடம் வந்த ஒருவரைச் சொல்கிறேன். ஃபுளோரைடு கூடாது என்பதில் உறுதியானவர். மூன்று வேளையும் துலக்குவார், பல்லிடுக்கில் நூலும் விடுவார். அவ்வளவும் செய்து ஒன்றரை வருடத்தில் ஈறோரமாக ஐந்து புதிய சொத்தை. அவருக்கே கண் கலங்கிவிட்டது. தினம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று காலையிலிருந்து ஒவ்வொன்றாக எழுதச் சொன்னேன். ஏழு மணிக்குத் தேன் கலந்த எலுமிச்சைத் தண்ணீர் ஒரு பாட்டில். உடம்புக்கு நல்லது என்று பதினொரு மணி வரை மேசை மேல் வைத்து, கால்மணிக்கு ஒரு மடக்கு. நான்கு மணி நேரம் அவர் பல் அமிலத்திலேயே ஊறிக்கொண்டிருந்திருக்கிறது. எலுமிச்சையின் அமிலம் ஒரு பக்கம், தேனைத் தின்ற பாக்டீரியாவின் அமிலம் இன்னொரு பக்கம். எச்சில் எழுந்து நிற்கும் முன்பே அடுத்த மடக்கு. தேன், பேரீச்சை, உலர்திராட்சை, பழச்சாறு என எதில் வந்தாலும் பாக்டீரியாவுக்கு அது சர்க்கரைதான். இயற்கையானதா, ஆலையில் வந்ததா என்று அது பார்ப்பதில்லை.

ஆகவே ஃபுளோரைடு வேண்டாம் என்கிறவரிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: தண்ணீர் தவிர மற்ற எதுவும் ஒரு நாளில் எத்தனை முறை வாய்க்குள் போகிறது? மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் ஒரு முறை, ஆக நான்கு என்றால் பல்லுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். எட்டு, பத்து என்றால் எந்த மாற்றுப் பொருளையும் நம்பாதீர்கள். இனிப்பு சாப்பிட வேண்டுமானால் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிடுங்கள். இரவு துலக்கிய பிறகு தண்ணீர் மட்டும். தூக்கத்தில் எச்சில் சுரப்பு ஏறக்குறைய நின்றுவிடும். அந்த நேரத்தில் பல்லில் தங்கிய ஒரு பிஸ்கட் துணுக்கு பகலில் தின்ற முழு பிஸ்கட்டை விட அதிகம் கெடுக்கக்கூடும். பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்கும் குழந்தைகளின் மேல் முன்பற்கள் வரிசையாகக் கருத்துப் போவதும் இதனால்தான்.

எச்சிலைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, வற்றிப்போன பிறகுதான் தெரியும். ஒவ்வாமைக்கும் மன அழுத்தத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் எடுக்கும் பல மருந்துகள் வாயை உலர்த்தும். வாயால் மூச்சு விடுவதும் உலர்த்தும். மருந்தை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள். சாப்பிட்டபின் சர்க்கரை இல்லாத சூயிங்கத்தை இருபது நிமிடம் மென்றால் எச்சில் பல மடங்கு சுரக்கும். உண்மையிலேயே இயற்கையான பல் மருந்து என்று எதையாவது சொல்லவேண்டுமானால் நான் எச்சிலைத்தான் சொல்வேன்.

இனி பொருள்களுக்கு வருகிறேன். ஹைட்ராக்ஸிஅபடைட் பேஸ்டின் எண்ணம் எளிமையானது. பல் எதனால் ஆனதோ அதையே நுண்துகளாக்கி வாயில் வைப்பது. துகள்கள் எனாமலில் உள்ள மிக நுண்ணிய பள்ளங்களில் ஒட்டும், கரையும்போது கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் கொடுக்கும், பாக்டீரியா பல்லில் ஒட்டுவதையும் ஓரளவு குறைக்கும். விண்வெளி வீரர்களுக்காக நாசாவில் பிறந்த யோசனை ஒன்றை 1970-களில் ஜப்பானின் சாங்கி நிறுவனம் வாங்கி, 1980-இல் பேஸ்டாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1993-இல் ஜப்பான் அரசு சொத்தையைத் தடுக்கும் பொருளாக அதை அங்கீகரித்தது. நேற்று முளைத்த சரக்கு இல்லை. 2023-இல் வெளியான ஒரு சோதனையில் பெரியவர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஹைட்ராக்ஸிஅபடைட் பேஸ்டும் இன்னொரு பிரிவுக்கு 1450 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 1450 பங்கு) ஃபுளோரைடு பேஸ்டும் கொடுத்துப் பதினெட்டு மாதம் பார்த்தார்கள். புதிய சொத்தை விழாதவர்கள் இரண்டு பிரிவிலும் கிட்டத்தட்ட சமம், 90 சதவீதத்துக்குச் சற்றே குறைவு.

இதைப் படித்ததும் மனது குளிர்கிறது, இல்லையா? எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் மூன்று விஷயங்களைச் சேர்த்துப் பார்க்கவேண்டும். பதினெட்டு மாதம் என்பது சொத்தைக்குக் குறைந்த காலம். இந்தத் துறை ஆய்வுகள் பலவற்றில் பேஸ்ட் தயாரிப்பவர்களின் தொடர்பு இருக்கிறது. குழந்தைகளில் செய்த ஓராண்டுச் சோதனையில் ஒப்பிட்டது 500 பி.பி.எம். ஃபுளோரைடோடு. அது வலுக்குறைந்த பேஸ்ட், அதற்குச் சமம் என்பதை வைத்து 1000-க்கு மேற்பட்டதற்குச் சமம் என்று சொல்லிவிட முடியாது. ஃபுளோரைடுக்குப் பின்னால் பல்லாயிரம் குழந்தைகளும் பல பத்தாண்டுகளும் நிற்கின்றன. ஹைட்ராக்ஸிஅபடைட்டுக்குப் பின்னால் இன்னும் சில நூறு பேர்தான். பாதுகாப்பைப் பொறுத்தவரை, பேஸ்டில் 10 சதவீதம் வரை நானோ வடிவில், அதாவது மிக மிக நுண்ணிய துகளாக, இருக்கலாம் என்று ஐரோப்பிய அறிவியல் குழு 2023-இல் சொல்லியிருக்கிறது. ஊசி வடிவத் துகள் கூடாது என்பதும் அதில் உண்டு. வாங்கும்போது எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். மேலே சொன்ன பெரியவர்கள் சோதனையில் இருந்தது 10 சதவீதம். பெயருக்கு ஒரு சிட்டிகை போட்டுவிட்டு அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள்.

சைலிட்டால் இனிப்பாக இருக்கும், ஆனால் சொத்தை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் பாக்டீரியாவால் அதை அமிலமாக்க முடியாது. 1972 முதல் 1974 வரை ஃபின்லாந்தின் துர்க்கு நகரில் 125 பேரை வைத்து நடந்த ஆய்வுதான் அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. உணவில் இருந்த சர்க்கரை முழுவதையும் எடுத்துவிட்டு சைலிட்டால் சாப்பிட்ட பிரிவில் சொத்தை 85 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. சர்க்கரை முழுவதையும் எடுத்துவிட்டு என்ற பகுதியை விளம்பரங்கள் சொல்வதில்லை. வழக்கமான சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டே சைலிட்டால் மாத்திரை சப்பிய பெரியவர்களிடம், மூன்று வருடத்துக்குச் சற்றுக் குறைவாக நடந்த அமெரிக்கச் சோதனையில், மொத்தமாகப் பார்த்தால் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. 2015-இல் காக்ரேன் பார்த்தபோது, ஃபுளோரைடு பேஸ்டோடு சைலிட்டாலையும் சேர்த்தால் குழந்தைகளுக்கு இன்னும் 13 சதவீதம் குறையலாம் என்றது. அதுவும் வலுக்குறைந்த ஆதாரம் என்ற அடைமொழியோடு. ஆக, மிட்டாய்க்குப் பதிலாக சைலிட்டால் மிட்டாய் என்றால் லாபம். ஃபுளோரைடுக்குப் பதிலாக என்றால் கணக்கு ஒத்துவராது. அதிகமானால் வயிற்றுப்போக்கு வரும். வீட்டில் நாய் இருந்தால் கைக்கெட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள், நாய்க்கு அது கொடிய விஷம், கொஞ்சம் போதும்.

பால் புரதமான கேசீனிலிருந்து எடுக்கும் சி.பி.பி.-ஏ.சி.பி. என்ற பொருள் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் பல்லின் மேல் நிறுத்தி வைக்கிறது. மெல்போர்னில் எரிக் ரெனால்ட்ஸ் குழு உருவாக்கியது. வெள்ளைப் பட்டைகளுக்கு நாங்களே தருவதுண்டு. தனித்து நிற்கும் அளவுக்கு ஆதாரம் போதாது. பால் ஒவ்வாமை உள்ளவர்கள் தொடக்கூடாது. ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலத்தை நல்ல பாக்டீரியாக்கள் உடைத்து அம்மோனியா ஆக்கும்போது படலத்தின் அமிலம் தணிகிறது. நம்பிக்கை தரும் பாதை, ஆனால் கடையில் கிடைப்பவை பெரும்பாலும் ஃபுளோரைடும் சேர்ந்தவை. சமையல் சோடா அமிலத்தை முறிக்கும், பல்லையும் அதிகம் தேய்க்காது. ஆனால் தாதுவைத் திருப்பிக் கொடுக்காது. வாந்தி வந்தபின், நெஞ்செரிச்சலில் அமிலம் மேலே வந்தபின், ஒரு தம்ளர் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி கலந்து கொப்பளித்துத் துப்ப அருமையான பொருள்.

எண்ணெய் கொப்பளிப்பைப் பற்றியும் நீங்கள் கேட்டிருந்தீர்கள். சிறிய சோதனைகள் சிலவற்றில் எச்சிலின் பாக்டீரியா எண்ணிக்கை குறைந்தது, ஈறு வீக்கமும் கொஞ்சம் குறைந்தது. சொத்தை குறைந்ததாக யாரும் காட்டவில்லை. பாக்டீரியா எண்ணிக்கை குறைவதும் சொத்தை குறைவதும் ஒன்றில்லை. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் இந்தத் துறையில் பாதி வாக்குறுதிகள் பிறக்கின்றன. கிராம்பு, பச்சைத் தேயிலை, வேம்பு எல்லாமே சோதனைத் தட்டில் பாக்டீரியாவைக் கொல்லும். வாய் சோதனைத் தட்டு இல்லை. எண்ணெய் பிடித்திருந்தால் செய்யுங்கள், தடுக்கமாட்டேன். துலக்குவதற்குப் பதிலாகச் செய்யாதீர்கள். நான்கு வயதுக் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். புரையேறி நுரையீரலுக்குள் எண்ணெய் போய் நிமோனியா வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

மிஸ்வாக் போன்ற பல்குச்சிகள் படலத்தை நன்றாகவே நீக்கும், முறை தெரிந்து பயன்படுத்தினால். உலக சுகாதார நிறுவனமே அது வழக்கத்தில் உள்ள இடங்களில் பயன்படுத்தலாம் என்று சொல்லியிருக்கிறது. ஆனால் முன்பல்லைப் பளிச்சென்று வைத்துக்கொண்டு கடைவாயின் உட்பக்கத்தை விட்டுவிடுவது குச்சிக்காரர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது. கரித்தூள் வேண்டாம். அது எனாமலைத் தேய்க்கும், தேய்ந்த எனாமல் திரும்ப வளராது. எலுமிச்சை, வினிகர், ஸ்ட்ராபெரி கொண்டு பல்லைத் தேய்ப்பது அமிலத்தையே பூசுவது. கிராம்பு எண்ணெய் வலியை அடக்கும், அடியில் சொத்தை அமைதியாக நரம்பை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். வைட்டமின் டி பற்றிய பழைய சோதனைகளில் பலன் தெரிந்தது, ஆனால் அவற்றின் தரம் குறைவு. குறைபாடு இருந்தால் பல்லைத் தாண்டியும் அதைச் சரிசெய்யவேண்டும்தான்.

ஃபுளோரைடு மேல் உள்ள பயத்தையும் பேசவேண்டும், ஏனென்றால் அது வெறும் வதந்தி என்று ஒதுக்கக்கூடியது இல்லை. அளவு மிஞ்சினால் பல்லில் கறை விழும், இன்னும் மிஞ்சினால் எலும்பைப் பாதிக்கும். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அந்த வரம்புக்கு மேலான அளவு, குழந்தைகளின் அறிவுத்திறன் குறைவோடு தொடர்புடையது என்று அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2024-இல் மிதமான உறுதியோடு சொன்னது. இவை விழுங்கும் ஃபுளோரைடைப் பற்றியவை. பேஸ்ட் துப்புவதற்கானது. பட்டாணி அளவு பேஸ்ட் கால் கிராம். அதில் 1000 பி.பி.எம். என்றால் இருக்கும் ஃபுளோரைடு கால் மில்லிகிராம். துப்பப் பழகிய குழந்தை அதில் பெரும்பகுதியைத் துப்பிவிடும். கறுப்புத் தேநீரில் லிட்டருக்கு ஒன்றிலிருந்து நான்கு மில்லிகிராம் வரை இருப்பது சாதாரணம். தேயிலைச் செடி மண்ணிலிருந்து தானே உறிஞ்சிச் சேர்ப்பது அது. உங்கள் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்று தெரிந்தால் முதலில் மாற்றவேண்டியது குடிநீரை. அதைச் செய்யாமல் பேஸ்டை மட்டும் மாற்றுவதில் பயன் குறைவு.

சிலரிடம் மட்டும் ஃபுளோரைடை விடாதீர்கள் என்று கெஞ்சியே கேட்பேன். கடந்த மூன்று வருடத்தில் புதுச் சொத்தை விழுந்தவர்கள். வாய் உலர்ந்தவர்கள். தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு எடுத்தவர்கள். பல்லுக்குக் கம்பி போட்டிருப்பவர்கள். ஈறு இறங்கி வேர் வெளியே தெரிபவர்கள், ஏனென்றால் வேர்ப்பகுதி எனாமலை விட எளிதில் கரையும். கதிர்வீச்சுக்குப் பின் ஆறே மாதத்தில் வாய் முழுக்கப் பற்கள் ஈறு மட்டத்தில் ஒடிந்துபோனதைப் பார்த்தவன் நான். அந்த வாயில் பரிசோதனை செய்து பார்க்க நேரம் கிடையாது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்குப் பல வருடங்களாகச் சொத்தை இல்லை, எச்சில் நன்றாக இருக்கிறது, இடைத்தீனி குறைவு என்றால், 10 சதவீத ஹைட்ராக்ஸிஅபடைட் பேஸ்டுக்கு மாறிப் பார்க்கலாம். பல்லிடுக்கில் நூல், இரவில் கட்டாயம் துலக்கல், துப்பிய பிறகு வாயைத் தண்ணீர் விட்டு அலசாமல் விடுவது. பிறகு ஒரு வருடம் கழித்து எக்ஸ்ரே எடுத்து ஒப்பிடுங்கள்.

மகளுக்கு, என்னைக் கேட்டால், பட்டாணி அளவு ஃபுளோரைடு பேஸ்டையே இன்னும் சில வருடம் நீங்களே கையால் போட்டுத் துலக்கிவிட்டு, துப்பப் பழக்குங்கள். நான்கு வயதில் அவளால் தானாக ஒழுங்காகத் துலக்க முடியாது, பால் பல் எனாமல் மெல்லியது, பிறந்தநாள் மிட்டாயை உங்களால் முழுதாகத் தடுக்கவும் முடியாது. ஆறு வயதையொட்டிக் கடைவாயில் நிரந்தரப் பல் முளைத்ததும் அதன் பள்ளங்களை அடைக்கும் சீலன்ட் பூச்சு போடுவது பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். இயற்கையானது இல்லைதான், ஆனால் ஃபுளோரைடை நம்பாமல் பள்ளத்தைக் காக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இல்லை, மகளுக்கும் மாற்றத்தான் போகிறேன் என்பது உங்கள் முடிவானால், அதற்கும் ஒரு வழி சொல்கிறேன். மாதம் ஒரு நாள், பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம் அவள் தலையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மேலுதட்டைத் தூக்கி, சுத்தமான துணியால் முன்பற்களைத் துடைத்து உலர்த்தி, ஈறை ஒட்டிய ஓரத்தைப் பாருங்கள். அப்புறம் வாயை ஆவென்று திறக்கச் சொல்லி, கடைவாய்ப் பல்லின் பள்ளங்களையும் பாருங்கள். சுண்ணாம்பு போன்ற வெள்ளைக்கோடோ, பழுப்பு நிறமோ தெரிந்தால், அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டாம். அந்த வாரமே பல் மருத்துவரிடம் காட்டுங்கள். வெள்ளையாக இருக்கும்போதே வந்துவிட்டால் ஊசியும் டிரில்லும் இல்லாமலே அவள் வீட்டுக்குத் திரும்பிவிடலாம்.